பக்கத்து நாற்காலி

ஊசிகள் இரண்டும் இறங்கியாயிற்று. முதலாவது வழக்கம்போல் எறும்புக்கடி. இரண்டாவது வழக்கம்போல் தனக்கென்று ஒரு வன்மத்தோடு. டயாலிசிஸ் பிரிவின் ஜெசிந்தா குழாய்களை இடக்கையோடு சேர்த்து ஒட்டிவிட்டு, "கைய அசைக்காதிய அத்தை, வியாழக்கெழம மாதிரி மெசினக் கத்த விட்றாதிய" என்று சொல்லிக்கொண்டே அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தாள். அசைப்பதற்கு அது பொற்கலையின் கையா என்ன? காலை ஏழு மணி முதல் பதினொன்று வரை அது இயந்திரத்தின் கை. சிறுநீரகங்கள் இரண்டும் சுருங்கிப்போன இந்த ஆறு ஆண்டுகளாகச் செவ்வாய், வியாழன், சனி என வாரத்தில் மூன்று காலைகள் அவளுடைய இரத்தம் அவளை விட்டு வெளியே போய், குழலுக்குள் சுற்றிக் கழுவப்பட்டு, சற்றே குளிர்ந்து திரும்பி வருகிறது. திரும்பி வரும்போதெல்லாம், வெளியூரில் தங்கிவிட்டு வந்த உறவினரைப்போல், கொஞ்சம் அந்நியமாக இருக்கிறது. வலக்கை மட்டும் அவளுடையது. அதிலும் கைப்பேசியைப் பற்றியது போக மிச்சம் கட்டைவிரல் ஒன்றுதான். தாலுகா அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் பத்து விரல்களாலும் விசையைப் பாராமல் தட்டச்சு செய்தவள் இப்போது ஒற்றை விரலால், கோழி தானியம் பொறுக்குவதுபோல், கொத்திக் கொத்தி எழுதினாள்: "ஏறியாச்சு. 2.3." அவ்வளவுதான். தேங்கிய தண்ணீர் வடிந்த உடம்பின் எடையைக் குறிக்கும் 'உலர் எடை' என்னும் பெயர்கொண்ட அந்த இணைய மன்றத்தின் முப்பது சொச்சம் பேருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. நாற்காலியில் ஏறியாகிவிட்டது, போன முறைக்குப் பின் உடம்பில் தேங்கிய தண்ணீர் இரண்டு கிலோ முந்நூறு கிராம். பதினொரு மணிக்கு "இறங்கியாச்சு" என்று ஒரு சொல் போட்டால் அன்றைய பொழுது முடிந்தது. மன்றத்தில் எல்லாருக்கும் புனைபெயர்தான்; அவளுக்கு மேலே 'கடைசிப்பேருந்து' ஏறியிருந்தார், 1.9. உப்பில்லாதவன் ஏறியிருந்தார், 3.1, வெட்கமாக இருக்கிறது, மாமியார் வீட்டு ரசம் என்று ஒரு குறிப்போடு. அதற்கு மேலே, எப்போதும் ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே வந்து நிற்கும் ஆனைமலையின் வரி இருக்க வேண்டிய இடத்தில், ஒன்றும் இல்லை. ஆறாவது முறையாக ஒன்றும் இல்லை. அதற்குப் பதிலாக மன்றத்தைத் தொடங்கிய ஈரோட்டுக்காரர், மாடித்தோட்டம் என்ற பெயரில் எழுதுபவர், அவளுக்கு மட்டும் தனியே ஒரு வரி அனுப்பியிருந்தார்: "தட்டச்சம்மா, உங்க பக்கத்து நாற்காலி?"

கேள்விக்குறி ஒன்றுதான் அதில் கூர்மை. மற்றபடி மென்மையான மனிதர். மருந்துக்கடை வைத்திருந்தவர், எதையும் மாத்திரைபோல் சிறியதாகவே கொடுப்பார். ஒரே நாளில், ஒரே வேளையில், வெவ்வேறு ஊர்களில் ஏறுகிற இருவரை மன்றம் பக்கத்து நாற்காலி என்று சொல்லும். ஒருவருடைய "இறங்கியாச்சு" வராவிட்டால் மூன்று முறை பொறுத்திருக்க வேண்டும். பொறுத்த பிறகும் பக்கத்து நாற்காலி மட்டுமே விசாரிக்கலாம், வேறெவரும் வாய் திறக்கலாகாது. மன்றம் தொடங்கிய புதிதில் ஒருவர் இறந்துபோன அன்று, அவருடைய கைப்பேசிக்குப் பதினேழு பேர் என்னாச்சு என்னாச்சு என்று எழுத, பாடையைத் தூக்கும் நேரத்தில் அவர் மனைவி ஒவ்வொருவருக்கும் பதில் அடித்துக்கொண்டிருந்தாளாம். அதன் பிறகு வந்த விதி அது. நல்ல விதி. பொற்கலையும் கைதூக்கிய விதி. போன சனிக்கிழமையே அவள் கேட்டிருக்கலாம், கேட்டிருக்க வேண்டும். முப்பது பேர் அவளுடைய ஒரு சொல்லுக்காகப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள், ஆனைமலை இருக்கிறாரா இல்லையா என்பதைக் கேட்டுச் சொல்லும் உரிமை அவளிடம் சிக்கிக்கொண்டிருக்கிறது. அவளோ ஒரு வாரமாக அந்த உரிமையைச் சேலை முந்தியில் முடிந்துவைத்துக்கொண்டு, காணாதவள்போல் நடமாடுகிறாள். ஏனென்றால் அவள் அவரைக் கொன்றிருக்கலாம். இது மாடித்தோட்டத்துக்குத் தெரியாது. தெரியாதா? மன்றத்தில் எல்லாரும் படிக்கத்தானே அவள் அதை எழுதினாள்.

பன்னிரண்டு நாளைக்கு முன், திங்கட்கிழமை மாலை. ஆனைமலை வால்பாறைக்காரர், தேயிலை ஆலையில் இலை நிறுத்து வாங்குகிற வேலை, நாற்பத்தாறு வயது, நான்கு ஆண்டுகளாக மலையிலிருந்து நாற்பது கொண்டைஊசி வளைவு இறங்கி வந்து பொள்ளாச்சியில் நாற்காலி ஏறுகிறவர். "மழை பிடிச்சு அடிக்குதுங்க, ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்குது, ஒரு தடவ விட்டா என்னாகும்" என்று கேட்டிருந்தார். கேள்விகூட இல்லை, அலுப்பு. நாற்பது வளைவிலும் வாந்தியெடுத்துக்கொண்டு இறங்கி, நான்கு மணி நேரம் கிடந்து, மறுபடி நாற்பது வளைவு ஏறுகிறவனுக்கு வரக்கூடிய அலுப்பு. அதற்கு அவள் என்ன எழுதினாள்? அன்றைக்குக் காலில் தசை இழுத்துக்கொண்டிருந்தது, மதியம் பருப்பு வேகவில்லை, இப்படியெல்லாம் காரணம் உண்டு, ஆனால் எழுதியது அவள்தான்: "விடுகிறவர்கள் விடட்டும். சாக விரும்புகிறவரை நாற்காலி தேடி வராது." நிறுத்தற்குறிகள்கூடச் சரியாக இட்டிருந்தாள். முப்பது ஆண்டுகள் பிறருடைய வாக்கியங்களை அடித்தவளுக்குத் தன்னுடையதென்று ஒரு வாக்கியம் கிடைத்தால் அது இப்படித்தான், மூன்று நகல் எடுத்து முத்திரை குத்தியதுபோல் வந்து விழும். மன்றத்தில் கேலிகூடச் செய்வார்கள், தட்டச்சம்மா நலமா என்று கேட்டாலே ஜப்தி நோட்டீசு மாதிரி இருக்கிறது என்று. ஆனைமலை பதிலுக்குக் கைகூப்பும் படம் ஒன்றை இட்டார். அதுதான் கடைசி. கைகூப்பினால் வணக்கமா, போதும் தாயே என்பதா, விடைபெறுதலா? அந்தப் படத்தை அவள் பன்னிரண்டு நாளாகப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டாள். விரல்கள் ஐந்தும் ஒட்டியிருக்கின்றன, வேறொன்றும் தெரியவில்லை. அவர் அந்த முறை விட்டிருந்தால், உடம்பில் உப்பும் தண்ணீரும் ஏறி, இதயம் தடுமாறி, மலைமேல் மழைக்குள் கிடந்து இறந்திருப்பார்; விடட்டும் என்று எழுதியவள் அவள். விடாமல் இறங்கியிருந்தால், சரிந்த மண்ணில் கால் வைத்து, அல்லது வண்டியோடு. அதற்கும் எழுதியவள் அவள். இரண்டு வழியிலும் போய்ப் பார்த்தாள். இரண்டும் அவள் வாசலில்தான் வந்து முடிந்தன. மூன்றாவது வழி ஒன்று உண்டா என்று தேடும்போதெல்லாம் இயந்திரத்தின் சுழல் உருளை கரக், கரக் என்று திரும்புகிற ஓசை காதில் விழுந்து, எண்ணம் மறுபடி முதல் வளைவுக்கே வந்துவிடும். எத்தனை வளைவு. ஒன்பதாவது வளைவில் வரையாடு நிற்கும் என்று எழுதியிருந்தார். அவள் மலையே ஏறியதில்லை. ஆனாலும் ஒன்பதாவது வளைவு அவளுக்குத் தெரியும்.

அவருடைய வரி வரவில்லை என்பதற்குமேல் வீட்டில் யாருக்குத் தெரியும் இதெல்லாம்? வீடென்றால் இப்போது கணவர் சிதம்பரநாதன் ஒருவர்தான். நல்லவர், அதில் குறை சொல்ல முடியாது, நல்லவராக இருப்பதே சில வேளை பெரிய குறையாகிவிடுகிறது. அவளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து அவர் அவள் எதிரில் தண்ணீர் குடிப்பதில்லை. குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு குடிப்பார். சித்திரை வெயிலில் கடைத்தெருவிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே குளியலறைக்குப் போவார். உள்ளே செம்பு வைக்கிற சத்தம் கேட்காமலிருக்கத் துண்டு விரித்து வைப்பார் என்பதுவரை அவளுக்குத் தெரியும். வெளியே வரும்போது மீசையைத் துடைத்திருப்பார். தங்கை வந்தாலும் அப்படித்தான். வந்தவர்களுக்கு மோர் கொடுக்கும்போது அந்த வீட்டில் ஏதோ துக்கம் விசாரிப்பதுபோல் குரல் இறங்கிவிடும். எல்லாரும் அவளுக்காக அவ்வளவு கவனமாக இருந்தார்கள். அந்தக் கவனத்துக்கு நடுவில் உட்கார்ந்து, தாகமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு ஆளில்லை. சொன்னால் முகங்கள் வாடும். வாடிய முகங்களைத் தேற்றுவது அவள் வேலையாகும். ஆகவே சொல்வதில்லை. இங்கே, இந்தக் கூடத்தில், பன்னிரண்டு நாற்காலிகள். கைக்கெட்டும் தூரத்தில் இரண்டாண்டாக இருக்கிற இசக்கிமுத்து ஏறியதும் காதில் ஒலிப்பானைச் செருகிக்கொண்டு, கண்ணை மூடி, உலகத்துக்குக் கதவடைத்துவிடுவார். அதுவும் நியாயம்தான். தன் இரத்தம் குழாயில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு மனிதன் பக்கத்திலிருப்பவரிடம் என்ன ஊர்க்கதை பேசுவான்? அப்படியிருந்த நாளில்தான் கைப்பேசியில் ஏதோ சந்தேகம் தேடப்போய் இந்த மன்றத்துக்குள் இடறி விழுந்தாள். உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஆனைமலை எழுதியிருந்த ஒரு வரி: "நாக்கு மரக்கட்டையாட்டம் ஆயிருச்சுங்க. நேத்து கனவுல ஆழியாறு அணைய முழுசாக் குடிச்சிட்டேன். எந்திரிச்சு, நீர்ப்பாசனத்துக்கு என்ன பண்ணுவாங்களோன்னு ஒரே வெசனம்." அதன்கீழே வரிசையாக மற்றவர்கள், யார் யார் கனவில் எந்த ஏரியை, எந்த வாய்க்காலை, எந்தத் திருமண வீட்டு அண்டாவைக் குடித்தார்கள் என்று. இயந்திரம் கூவுகிற அளவுக்கு அன்று அவள் சிரித்தாள். பிறகு ஒற்றை விரலால் எழுதினாள்: "தாமிரவருணி. கொக்கிரகுளம் படித்துறையிலிருந்து. இரு கைகளாலும்." ஆனைமலை பதில் எழுதினார்: "வாங்க அம்மணி. உங்களுக்கு நாற்காலி எந்தக் கெழமைங்க?"

முதல் மணி கழிந்திருந்தது. ஜெசிந்தா இரத்த அழுத்தம் பார்த்துவிட்டுத் திரும்ப, பார்வை நேரத்துக்குக் காத்திருந்தவராய்ச் சிதம்பரநாதன் இட்டிலிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார். நாற்காலியில் இருக்கும்போது மட்டும் கொஞ்சம் தாராளமாகத் தின்னலாம். விண்டு விண்டு அவள் வலக்கையில் வைத்தார். கைப்பேசித் திரையை அவர் பார்க்கவில்லை, ஆனால் பார்த்துவிட்டார். "இன்னும் ஒண்ணும் வரலியா?" என்றார். அவள் தலையசைத்தாள். "மொகம் பாத்ததில்ல, கொரல் கேட்டதில்ல, நெசப் பேருகூடத் தெரியாது. அந்த மனுசனுக்காவ பத்து நாளா சோறு எறங்காம இருக்க." அவர் குரலில் குற்றம் இல்லை, வியப்புத்தான், கொஞ்சம் மனத்தாங்கலும். "உங்க மொகத்த முப்பது வருசமாப் பாத்தாச்சே, அதுல என்ன கண்டேன்" என்றாள் அவள். அவர் சிரித்துவிட்டார். சட்னியைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே, "கேட்டுத் தொலையேன் பொற்கலை. போய்ச் சேந்துட்டாருன்னா பதில் வராது, இருந்தார்னா வரும். அம்புட்டுத்தான?" என்றார். உங்களுக்கு எல்லாமே அம்புட்டுத்தான் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் இட்டிலியை மென்றாள். பதில் வராவிட்டால் அம்புட்டுத்தானா? அந்தப் பேசாத திரை வாழ்நாள் முழுதும் அவள் கைக்குள் இருக்கும். அல்லது பதில் வரும், ஆனால் அவருடையதாக இராது. அவர் மனைவி எழுதுவாள், நீங்கதான அந்தத் தட்டச்சம்மா, அன்னைக்கு நீங்க எழுதினதப் படிச்சுட்டுத்தாங்க அவரு கெளம்பிப் போனாரு என்று. அந்தப் பெண்ணின் பெயர்கூட அவளுக்குத் தெரியும், மரகதம், மருதாணி வைத்தால் நன்றாகச் சிவக்குமாம். கணவர் போய்விட்டார். போகும்போது கதவருகே நின்று அவள் போர்வையை ஒருமுறை பார்த்தார். திரும்பி வந்து காலை மூடிவிட்டுப் போனார்.

எப்படிக் கேட்பது? அலுவலகத்தில் எதற்கும் ஒரு படிவம் இருந்தது, பார்வையில் கண்ட கடிதம் தொடர்பாக என்று தொடங்கினால் எந்தத் துக்கமும் பாதி ஆறிவிடும். "மதிப்பிற்குரிய ஆனைமலை அவர்களுக்கு" என்று எழுதி அழித்தாள். "நலமா" என்று எழுதி அழித்தாள். இறந்திருந்தால் அது எவ்வளவு அபத்தம். "அன்று நான் எழுதியதை மன்னிக்கவும்" என்று எழுதினாள். இது அவரைப் பற்றியதன்று, தன்னைப் பற்றியது, கேட்கப்போகிற இடத்தில்கூடத் தன் பாரத்தை இறக்கப் பார்க்கிறாளே, அழித்தாள். இடக் கெண்டைக்காலில் தசை மெல்ல முறுக்கத் தொடங்கியது. தண்ணீர் வேகமாக இறங்குகிறது. பல்லைக் கடித்தாள். இந்த வலிக்கு ஆனைமலை ஒரு பெயர் வைத்திருந்தார், மேஸ்திரி; "மேஸ்திரி வந்துட்டாருங்க, கால எண்ணி வாங்கறாரு." பொள்ளாச்சியில் அவருக்கு வலிக்கும்போது இங்கே இவளுக்கும் வலிக்கும், எட்டரை மணிக்கு ஒருவர் மேஸ்திரி என்று எழுத, மற்றவர் வந்தாச்சு என்று எழுத, இருநூறு மைலுக்கு இடையில் ஒரே வலி இரண்டு கால்களில் போய்வந்துகொண்டிருக்கும். இப்போது ஒரே காலில் முழுவதும் இருக்கிறது. அவள் வலியோடு வலியாக, யோசிக்க இடம் கொடுக்காமல், அடித்தாள்: "இருக்கிறீர்களா." கேள்விக்குறிகூட இடவில்லை. கட்டைவிரல் அம்புக்குறியின்மேல் நின்றது. பிறகு அழுத்தியிருந்தது. எப்போது அழுத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. இசக்கிமுத்து குறட்டை விட்டார். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதேகால். உருளை திரும்பியது. கேட்டாயிற்று என்று மாடித்தோட்டத்துக்கு எழுதலாமா? வேண்டாம், பதில் வரட்டும், வராவிட்டால்? மின்விசிறியின் மூன்று இறக்கைகளில் ஒன்றில் மட்டும் ஒட்டடை, அது சுற்றும்போது தெரியாது, மின்சாரம் நின்றால்தான் தெரியும், நின்றால் இயந்திரமும் நின்று கையால் சுற்றுவார்கள், ஒருமுறை ஜெசிந்தா அப்படிச் சுற்றினாள், வியர்த்துக்கொட்ட. ஒன்பது இருபது. திரை ஒளிர்ந்தபோது அவள் அதை உடனே பார்க்கவில்லை. போர்வையின்மேல் கவிழ்த்துவைத்து, மூன்று மூச்சு விட்டு, பிறகு எடுத்தாள். "அம்மணி, கேட்டுட்டீங்களா. பன்னெண்டு நாளாப் பாத்துட்டே இருந்தனுங்க. கேக்கலயேன்னு, சரி, கோவம்போலன்னு நெனச்சுக்கிட்டேன். நல்லா இருக்கனுங்க." அவள் அந்த வரியை எழுத்தெழுத்தாகப் படித்தாள். எழுத்து அவருடையதுதான், மரகதத்துடையது அன்று, நல்லா இருக்கனுங்க என்று எழுதுகிறவர் உலகத்தில் ஒருவர்தான். இருக்கிறார். மூன்றாவது வழி இருந்திருக்கிறது. அடுத்த வரி வந்தது. "கோயமுத்தூர்ல இருக்கனுங்க. கிட்னி கெடச்சிருச்சு. நீங்க எழுதுன மறுநா விடியக்காலம் ஆஸ்பத்திரிலருந்து கூப்புட்டாங்க, பதிவு பண்ணி வெச்சதுல எம்பேரு வந்திருக்குதுன்னு. நாலு மணி நேரத்துல வரோணும்னாங்க. ரோடு அடைச்சுக் கெடந்துச்சு. ரோடு இல்லீங்கன்னு சொல்லிப் போன வெச்சிருப்பேன், நீங்க திட்டுனது காதுலயே இருந்துச்சு. மரகதம் கையப் புடிச்சுக்கிட்டு மண்ணுமேல ஏறித் தாண்டி, அந்தப்பக்கம் ஒரு இலை லாரியப் புடிச்சு வந்தோமுங்க."

மகிழ்ச்சி வந்தது. வந்தது உண்மை, அதை அவள் பிற்பாடு தனக்குத்தானே சாட்சி சொல்லிக்கொள்ள முடியும். தொண்டையிலிருந்து வயிறுவரை ஒரு வாரத்துக் கல் உருண்டு இறங்கியது. ஆனால் அதன் பின்னாலேயே, அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றும் வந்தது. நான்கு ஆண்டுகள். அவர் ஏறியது நான்கு ஆண்டுகள், அவள் ஆறு. அவள் பெயரும் அந்தப் பதிவில்தான் இருக்கிறது, எப்போது தொலைபேசி மணியடித்தாலும் சிதம்பரநாதன் ஓடுகிற ஓட்டம் அதற்குத்தான். இரத்த வகை வேறு, வரிசை வேறு, இதில் முந்தினார் பிந்தினார் என்று ஒன்றில்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும், புதிதாக வருகிறவர்களுக்கு மன்றத்தில் அவளே விளக்கி எழுதியிருக்கிறாள்; எழுதிய கைக்கு அது தெரிந்தது, வயிற்றுக்குத் தெரியவில்லை. இனி அவருக்கு மேஸ்திரி வரமாட்டார். செவ்வாய்க்கிழமை அவருக்கு வெறும் செவ்வாய்க்கிழமை. அவள் தன்னையறியாமல் இடக்கையை மடக்க, இயந்திரம் கூவென்று அலறியது. ஜெசிந்தா ஓடி வந்தாள். "சொன்னமா இல்லியா அத்தை? கண்ணு வேற கலங்கியிருக்கு, நெஞ்சு வலிக்கா?" இல்லை என்றாள் பொற்கலை. "பின்ன ஏன் அழுதிய?" "ஒருத்தருக்கு நல்லது நடந்திருக்கு." ஜெசிந்தா குழாயை நேராக்கி அலறலை அணைத்தாள். "நல்லதுக்குப் போயி யாராச்சும் கைய மடக்குவாகளா" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள்.

திரையில் அவர் எழுதிக்கொண்டே போயிருந்தார். "உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க. வரிசைல முன்னாடி நிக்கறவங்களத் தள்ளிவிட்டு வந்தாப்பல இருக்குது. நாற்காலில கெடக்கறவங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கறது. நான் மட்டும் இல்லீங்க. சங்குபுஷ்பம் அம்மாவத் தெரியுமல்லங்க, இங்கதான் சோதனைக்கு வந்திருந்தாங்க, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்னு கையாட்டுனாங்க, நல்லாக் குண்டாயிருக்காங்க." பொற்கலை திரையைக் கண்ணருகே கொண்டுவந்தாள். சங்குபுஷ்பம் தை மாதம் இறந்துபோனவள். பக்கத்து நாற்காலி கேட்டு, ஒரு வாரம் பதில் வராமல், மன்றம் வழக்கப்படி அஞ்சலிப் பக்கம் திறந்தது. உப்பில்லாதவன் குத்துவிளக்குப் படம் இட்டார், இரங்கலுரை எழுதியவள் பொற்கலை, பதினொரு வரி, "அன்னார் மறைவு ஈடுசெய்ய இயலாத இழப்பு" என்று முடித்திருந்தாள். "அவிங்களும் என்னையாட்டத்தாங்க. கெடச்சதும் சொல்லக் கூச்சப்பட்டு இருந்துட்டாங்க. அதுக்குள்ள நீங்கெல்லாம் வெளக்கு வெச்சுட்டீங்க. தட்டச்சம்மா எழுதுன இரங்கல் அத்தன நல்லா இருந்துச்சு, அதக் கெடுக்க மனசு வரலைன்னு சொன்னாங்க. அச்செடுத்து வெச்சிருக்காங்களாம்." அவள் வாய்விட்டுச் சிரித்தாள், இந்த முறை கையை அசைக்காமல். சிரிப்பு அடங்குமுன் வேறொரு எண்ணம் வந்து தைத்தது. அஞ்சலிப் பக்கத்தில் ஏழு பெயர்கள். எல்லாருக்கும் அவள்தான் எழுதினாள். அவர்களில் எத்தனை பேர் உண்மையில் போனவர்கள், எத்தனை பேர் எங்கோ ஒரு சமையலறையில் நின்றுகொண்டு, தங்கள் நல்லகாலத்துக்கு வெட்கப்பட்டுக்கொண்டு, தங்கள் பெயருக்குக்கீழ் எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? அழத் தெரிந்த மன்றம் அது. நல்ல செய்தி சொல்வதற்குத்தான் அங்கே யாருக்கும் இடமில்லாமல் போயிற்று. சிதம்பரநாதன் துண்டு விரித்துச் செம்பு வைக்கிறாரே, அதே காரியத்தைத்தான் இந்த முப்பது பேரும் ஒருவருக்கொருவர் செய்துகொண்டிருக்கிறார்கள், தாழிட்டுக்கொண்டு.

கடைசி வரி இது: "உங்ககிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிரலாம்னு இருந்தனுங்க. இனி மன்றத்துப் பக்கம் வரமாட்டேன். நல்லா இருங்க அம்மணி." போகட்டும் என்று அவளுக்குள் ஒன்று சொன்னது, மெல்லிய குரலில், நியாயமான குரலில். போனால் நோகாது. விசாரித்தேன், நலம் என்று மாடித்தோட்டத்துக்கு ஒரு வரி எழுதிவிட்டால் கடமை முடிந்தது. அவருடைய சோதனை முடிவுகளையும் அவர் ஒன்பதாவது வளைவில் இறங்கித் தேநீர் குடிப்பதையும் படித்து வயிறெரிய வேண்டாம். எட்டரை மணிக்கு மேஸ்திரி வந்தால் தனியே தாங்கிக்கொள்ளலாம். ஆறு ஆண்டில் முதல் நான்கு ஆண்டு அப்படித்தானே தாங்கினாள். அப்படித்தான் தாங்கினாளா? அந்த நான்கு ஆண்டுகளை நினைத்துப்பார்க்க முயன்றாள். ஒட்டடை படிந்த மின்விசிறி ஒன்றுதான் நினைவில் இருந்தது. அவள் அடித்தாள்: "போகக் கூடாது." அது போதவில்லை. ஆகவே தனக்குத் தெரிந்த முறையில் எழுதினாள்: "இதனால் தங்களுக்குத் தெரிவிப்பது யாதெனில், இன்று முற்பகல் பத்து மணிக்குள் தாங்கள் மன்றத்தில் நேரில் தோன்றி நடந்ததை முழுமையாக அறிவிக்க வேண்டும். தவறினால் தங்களுக்கும் இரங்கலுரை எழுதப்படும்." அதன்கீழே இன்னொன்றும் எழுதினாள், இது எந்தப் படிவத்திலும் இல்லாதது: "எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இருந்தாலும் வாருங்கள்." பிறகு, "பொறாமைன்னு சொன்னீங்க பாருங்க, இப்பத்தாங்க எனக்கு மூச்சே வருது" என்று வந்தது.

பத்துக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது மன்றத்தில் அந்த வரி எழுந்தது: "இறங்கியாச்சு. பதினோரு நாள் முன்னாடி. கிட்னி கெடச்சிருச்சுங்க. சொல்லாம இருந்ததுக்கு மன்னிக்கோணும்." ஈரோட்டில், திண்டுக்கல்லில், கடலூரில், அவள் பெயர்கூட அறியாத ஊர்களில், இந்நேரம் ஒரு கை கட்டுண்டு கிடப்பவர்கள் அதைப் படித்துக்கொண்டிருப்பார்கள், ஒவ்வொரு வயிற்றிலும் அந்த இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும். ஒரு நிமிடம். இரண்டு. யாராவது ஏதாவது எழுதுங்கள் என்று அவள் மனசுக்குள் அதட்டினாள். முதலில் எழுதியவர் உப்பில்லாதவன். வாழ்த்தில்லை, வணக்கமில்லை. "தண்ணி எவ்வளவு குடிக்க விடறாங்க?" ஆனைமலை எழுதினார்: "மூணு லிட்டர். கொறஞ்சா நர்சம்மா திட்டறாங்க." "திட்டறாங்களா" என்று கடைசிப்பேருந்து எழுதினார், அதற்குமேல் அவரால் முடியவில்லைபோலும். "பச்சத் தண்ணியா, வெந்நியா?" "காய்ச்சி ஆறவெச்சதுங்க." "மொத டம்ளர் எப்படி இருந்துச்சு?" இதை மாடித்தோட்டமே கேட்டார். ஆனைமலை எழுதினார்: "உண்மையச் சொன்னா சிரிப்பீங்க. ஒரு மொடக்குத்தான் குடிச்சேன். மிச்சத்தக் கீழ ஊத்திட்டேன். கை தானாப் போயி ஊத்திருச்சுங்க. இன்னும் முழுசா ஒரு டம்ளர் ஒரே மூச்சுல குடிக்கல. பயமா இருக்குது. அரை அரையாத்தான் எறங்குது." யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கையை அவர்கள் எல்லாருக்கும் தெரியும். பொற்கலையின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிந்தது. அவள் அடித்தாள்: "இப்போது அருகில் தண்ணீர் இருக்கிறதா?" "சொம்புல இருக்குதுங்க அம்மணி." "ஒரு டம்ளர் நிறைய ஊற்றுங்கள். விளிம்புவரை. ஒரே மூச்சில் குடியுங்கள். நாங்கள் இருக்கிறோம்." அதன்பின் திரை அசையவில்லை. முப்பது கட்டைவிரல்களும் அந்தந்த ஊரில் நின்றிருக்க வேண்டும். இயந்திரம் கரக், கரக் என்று திரும்பியது; அவள் தொண்டை தானாக ஒருமுறை ஏறி இறங்கியது, பிறகு இன்னொரு முறை. கடந்துபோன ஜெசிந்தா நின்று, "என்னத்த முழுங்குதிய அத்தை?" என்றாள். பொற்கலை கையமர்த்தினாள். திரை ஒளிர்ந்தது. "குடிச்சிட்டனுங்க. முழு டம்ளர். இன்னொண்ணு ஊத்தட்டுங்களா?" ஊற்றுங்கள் என்று அவள் கொத்திக் கொத்தி அடித்து முடிப்பதற்குள், அவளுக்கு முன்பாகவே பதினோரு பேர் அதை எழுதியிருந்தார்கள்.